தொழுவமும் தொட்டிலும்
(இளம் அறிவியல், இரண்டாமாண்டு)

மாடு என்ற சொல்லுக்கே செல்வம் என்று பொருள் கண்டது நம் தமிழ். கார்த்திகைத் தீபத் திருவிழாவை ஒட்டி நம் திருவண்ணாமலையில் கூடும் மாட்டுச் சந்தையைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பொருளின் உண்மை விளங்கும். கிராமங்களிலிருந்து பேருந்து ஏறி நம் கல்லூரிக்கு வரும் மாணவரில் எத்தனை பேருக்குப் புத்தகமும் தேர்வுக் கட்டணமும் பால் பணத்தில் வந்தவை என்பதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

அந்த மாட்டின் மீது குற்றம் சுமத்த இக்கட்டுரையை எழுதவில்லை. கன்றையும் குழந்தையையும் ஒருசேர வாட்டும் ஒரு நோயை இரண்டு வேறு நோய்களாகவே எண்ணி வருகிறோமே, அது சரிதானா என்று கேட்கவே எழுதுகிறேன்.

பிறந்த சில நாட்களில் கன்று நீராகக் கழிந்தால் 'கழிச்சல்' என்கிறோம். கைக்குழந்தைக்கு அப்படிப் போனால் 'மாந்தம்' என்றோ, 'பல் முளைக்கும் பேதி' என்றோ சொல்லி விடுகிறோம். பெயர்கள்தாம் வேறு. இரண்டுக்கும் பலமுறை காரணமாக இருப்பது ஒரே இனத்து நுண்ணுயிர். அதுவே ரோட்டா வைரஸ். 2013-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் ஐந்து வயதுக்குட்பட்ட ஏறத்தாழ 47,000 குழந்தைகள் இதனால் இறந்தனர் என்பது அறிஞர்களின் மதிப்பீடு.

இதில் ஒரு விந்தை உண்டு. இவ்வைரஸ் முதலில் அறியப்பட்டது கன்றிடமே! 1969-இல் அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் மீபஸ் என்ற கால்நடை அறிஞரும் அவருடைய குழுவினரும், கன்றுகளின் கழிச்சலுக்கு ஒரு வைரஸ் காரணம் என்று காட்டினர். 1973-இல்தான் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் ரூத் பிஷப் அம்மையாரும் அவருடன் பணியாற்றியவர்களும் பேதியுற்ற குழந்தைகளின் குடல் திசுவில் அத்தகைய வைரஸைக் கண்டனர். சக்கரம் போன்ற வடிவத்தால், இலத்தீன் மொழியில் சக்கரத்தைக் குறிக்கும் 'ரோட்டா' என்ற சொல் அதற்குப் பெயராயிற்று.

மாட்டுக்குரிய வைரஸ் மனிதனிடம் எப்படி வருகிறது? இதன் மரபுப்பொருள் 11 தனித்தனித் துண்டுகளாக இருக்கிறது. மாட்டு வைரஸும் மனித வைரஸும் ஒரே உயிரணுவுக்குள் புகுந்துவிட்டால், இரண்டு சீட்டுக்கட்டுகளைச் சேர்த்துக் கலைத்தது போலத் துண்டுகள் இடம் மாறிப் புதிய வகை ஒன்று பிறக்கக் கூடும்.

இது எங்கோ தொலைதூரத்துச் செய்தி அன்று. 1989 வரை நம்முடன் ஒரே வட ஆற்காடு மாவட்டமாக இருந்த வேலூரிலேயே கண்டறியப்பட்ட உண்மை. அங்குள்ள கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ககன்தீப் காங் அவர்களும் குழுவினரும், பச்சிளங் குழந்தைகளிடம் 'ஜி10 பி11' என்ற வகையைக் கண்டார்கள். இது மாடுகளிடம் பெரிதும் காணப்படும் வகை. ஆராய்ந்தபோது, மாட்டு வைரஸின் துண்டுகளும் மனித வைரஸின் துண்டுகளும் அதில் கலந்திருந்தன. பெங்களூரிலும் இத்தகைய கலப்பு முன்னரே அறியப்பட்டிருந்தது.

இந்தக் கலப்பே நமக்கு ஒரு மருந்தையும் தந்திருக்கிறது. 1980-களின் நடுவில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில், நோய்க்குறி ஏதுமில்லாத பச்சிளங் குழந்தைகளிடம் ஒரு வைரஸ் கிடைத்தது. அதன் 11 துண்டுகளில் பத்து மனித வைரஸுக்கு உரியவை. ஒன்று மாட்டு வைரஸுக்கு உரியது. அதிலிருந்து உருவானதே 'ரோட்டாவாக்' சொட்டு மருந்து. 2016-இல் நாட்டின் தடுப்பு மருந்துத் திட்டத்தில் ரோட்டா சொட்டு மருந்து சேர்ந்தது. 2017-இல் தமிழ்நாட்டிற்கும் வந்தது. குழந்தைக்கு 6, 10, 14 வாரங்களில் இலவசமாகக் கொடுக்கிறார்கள். ஆயினும் ரோட்டாவாக் ஆய்வில், கடுமையான ரோட்டா பேதியை அது தடுத்தது நூற்றுக்கு 56 அளவில்தான். எஞ்சியதை நாம்தான் காக்க வேண்டும்.

"அப்படியானால் மாட்டை வீட்டை விட்டு விலக்க வேண்டியதுதானே?" என்று நகரத்து நண்பர் கேட்கலாம். ரோட்டா வைரஸ் பெரும்பாலும் குழந்தையிடமிருந்து குழந்தைக்கே பரவுகிறது. மாட்டிடமிருந்து வருவது குறைவு. அந்தக் குறைவுக்காக ஏழையின் வாழ்வை அவிழ்த்து விட முடியுமா? ஆனால் கழிச்சல் கன்றின் சாணத்தை வாரிய கையோடு அழும் பிள்ளைக்குச் சோறு ஊட்ட ஓடும் தாய்மாரை நாம் தினமும் பார்க்கிறோம். தொழுவத்தருகே ஒரு வாளித் தண்ணீரும் சோப்பும் வைப்பது செலவாகாது. நோயுற்ற கன்றைத் தனியே கட்டுவதும், தவழும் குழந்தையை அப்பக்கம் விடாதிருப்பதும் செலவாகாது.

இன்னொன்று சீம்பால். கன்றுக்குத் தாயின் நோய் எதிர்ப்புப் பொருள் கருப்பையில் கிடைப்பதில்லை. பிறந்த சில மணி நேரத்தில் குடிக்கும் சீம்பாலில்தான் கிடைக்கிறது. நாமோ கன்றை இழுத்துக் கட்டிவிட்டு அதைக் கறந்து இனிப்புச் செய்து தெருவுக்கெல்லாம் பங்கு வைக்கிறோம். மனிதத் தாயின் முதற்பாலுக்கும் சீம்பால் என்றே பெயர். அதைப் பீய்ச்சிக் கீழே விடும் வழக்கமும் சில வீடுகளில் இருந்தது. கன்றுக்கும் குழந்தைக்கும் முதல் உரிமையை மறுக்கலாமா?

அரசு செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. கன்றுக்கு மருந்து வாங்கப் போனால், வீட்டில் கைக்குழந்தை உண்டா என்று எங்கள் பக்கத்தில் யாரும் கேட்பதில்லை. குழந்தையைப் பேதிக்குக் கொண்டு போனால், தொழுவத்தில் கன்று கழிகிறதா என்று கேட்பாரும் இல்லை. கால்நடை மருந்தகமும் ஆரம்ப சுகாதார நிலையமும் இந்த ஒரு கேள்வியைக் கேட்டு, கிடைத்த பதிலை ஒன்றுக்கொன்று தெரிவித்தால் போதும். புதுக் கட்டடம் வேண்டாம். புதுப் பதவி வேண்டாம்.

அதுவரை அந்தக் கேள்வியை நாம் கேட்போம். என் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். உங்களில் பலரும் அப்படியே. நாம் இங்கே படிக்கும் உயிரியல் தேர்வுத் தாளோடு முடிந்து போகலாமா? இந்த விடுமுறையில் ஊருக்குப் போகும்போது, சொட்டு மருந்து மூன்று தவணையும் கொடுத்தாயிற்றா, கன்று முதலில் சீம்பால் குடித்ததா என்று வீட்டில் கேளுங்கள். தொழுவத்தருகே சோப்புக்கட்டி ஒன்றை வைத்துவிட்டு வாருங்கள்.