உருவகம்தான், ஆனால் வெறும் உருவகம் அல்ல

அரசமைப்பின் ‘அடிப்படைக் கட்டமைப்பு’ என்பது நீதிபதிகள் இலக்கியத்திடம் கடன் வாங்கிய அலங்காரம், கட்டடத்துக்குரிய சொல்லுக்குச் சட்டத்தில் வேலையில்லை என்று வாதிடுகிறார் ஒரு கட்டுரையாளர். தமிழில் எழுதுகிறவர் இப்படிச் சொல்லலாமா? நம் மொழியில் ‘சட்டம்’ என்ற சொல்லே கதவுக்கும் சன்னலுக்கும் படத்துக்கும் போடும் மரச்சட்டத்தையும் குறிக்கிறது.

அந்தச் சொற்றொடர் அரசமைப்பில் இல்லை என்பது உண்மை. ஆனால் 368-ஆம் பிரிவில் ‘திருத்தம்’ இருக்கிறது. வீட்டைத் திருத்துகிறேன் என்று வந்த கொத்தனார் சுமை தாங்கும் சுவரை இடித்தால் அதைத் திருத்தம் என்போமா? 1973 ஏப்ரல் 24 அன்று கேசவானந்த பாரதி வழக்கில், 13 நீதிபதிகளில் 7 பேர் சொன்னதன் சாரம் இதுதான்.

எவை அந்தச் சுவர்கள் என்பதில் நீதிபதிகளிடையே ஒருமித்த பட்டியல் இல்லை. அந்தக் குறையை ஒப்புக்கொள்கிறேன். அதற்காக உருவகத்தையே தூக்கி எறிவதை ஏற்க முடியாது. அது வெறும் அலங்காரமாக இருந்திருந்தால் நெருக்கடி நிலையில் உதவியிருக்காது. பிரதமரின் தேர்தலை நீதிமன்ற விசாரணைக்கு அப்பால் வைக்க 39-ஆம் திருத்தம் முயன்றது. எதிர்க்கட்சித் தலைவர்கள் சிறையில் இருந்தார்கள், பத்திரிகைகளுக்குத் தணிக்கை இருந்தது. அந்த 1975 நவம்பரில், உச்ச நீதிமன்றம் இந்த உருவகத்தைக் கொண்டே அத்திருத்தத்தின் அந்த உட்பிரிவைச் செல்லாது என்றது. இந்திரா காந்தியின் தேர்தல் வெற்றியை அதே தீர்ப்பு உறுதி செய்தது. ஆனாலும், விசாரணைக் கதவை அடைக்கும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கு இல்லை என்று அன்றைக்கே முடிவாகிவிட்டது.