"வூட்லயே வெச்சுக்கங்க" என்று சொல்ல இவர்கள் யார்?

சில வாரங்களுக்கு முன் கோவையில் வீட்டுப்பள்ளி பற்றிய ஒரு கலந்துரையாடலுக்குப் போயிருந்தேன். வந்திருந்த பெற்றோரில் பாதிப்பேர் ஐடி வேலை, மீதிப்பேர் சொந்தத் தொழில். ஒவ்வொரு பிள்ளையும் ஒரு விதமாகக் கற்கிறது, பள்ளியோ எல்லாரையும் ஒரே அச்சில் வார்க்கிறது, அதனால் நிறுத்திவிட்டோம் என்றார்கள். சொன்னதில் பாதி சரிதான். ஆனால் ஒரு அம்மா, "எஸ்.சி. குழந்தைகளுக்கும் இதுதாங்க நல்லது, அங்க போய் அவமானப்பட வேண்டாம் பாருங்க" என்றார். அக்கறையோடுதான் சொன்னார். அங்கே இரண்டு நிமிடத்தில் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன்.

பிள்ளையை வீட்டில் படிக்க வைக்க பகல் முழுக்க ஒரு ஆள் வீட்டில் இருக்க வேண்டும். அந்த ஆளுக்குப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். ஈரோட்டைச் சுற்றியுள்ள அருந்ததியர் காலனிகளில் அந்த ஆள் யார் தோழர்களே? தறிக்குடோனுக்குப் போன அப்பாவா? விடியுமுன் தூய்மைப் பணிக்குக் கிளம்பிய அம்மாவா?

எங்கள் காலனிகளில் வீட்டுக்கல்வி எப்படி வருகிறது என்று சொல்கிறேன். எனக்குத் தெரிந்த ஒரு அக்காவின் மகன் நாலாம் வகுப்பு. எழுத்தைக் கூட்டிப் படிக்க வராது, எழுதினால் எழுத்து இடம் மாறிவிடும். மனக்கணக்கில் என்னைத் தோற்கடிப்பான். "டீச்சரம்மா கூப்பிட்டு, இவனுக்குப் படிப்பு ஏறலீங்க, வூட்லயே வெச்சுப் பாத்துக்கங்கன்னு சொல்லிப்போட்டாங்கண்ணா. நானும் செரீன்னு வந்துட்டேன்" என்றார் அக்கா. ஆறு மாதம் பையன் வீட்டில் இருந்தான். அதாவது தெருவில் இருந்தான். பதிவேட்டில் பெயர் அப்படியே இருந்தது. வெளியேற்றியதற்கு ஒரு துண்டுக் காகிதம் கிடையாது.

சட்டம் என்ன சொல்கிறது? கல்வி உரிமைச் சட்டத்தின்படி, சேர்த்த பிள்ளையைத் தொடக்கக் கல்வி முடியும்வரை வெளியேற்ற முடியாது. 2012-இல் வந்த திருத்தம் வீட்டிலிருந்து கற்கும் வழியை ஏற்றுக்கொண்டது உண்மை. யாருக்கு? கடுமையான ஊனமும் பல்வகை ஊனமும் உள்ள பிள்ளைகளுக்கு. அதுவும் அவர்கள் விரும்பித் தேர்ந்தெடுக்கும் உரிமையாக. டீச்சர் சொல்லும் தீர்ப்பாக அல்ல. 2016-இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளைப் பட்டியலிட்டது. நம் பையனுக்கு இருப்பதாக நான் சந்தேகிக்கும் கற்றல் குறைபாடு, டிஸ்லெக்சியா என்கிறார்களே, அதுவும் அதில் உண்டு. அதைச் சீக்கிரமாகக் கண்டுபிடித்து அதற்கேற்பச் சொல்லித் தருவது பள்ளியின் கடமை என்று அதே சட்டம் எழுதி வைத்திருக்கிறது. தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஆள், மொழிப்பாட விலக்கு எல்லாம் இருக்கிறது. காசுள்ள வீட்டுப் பிள்ளை தடுமாறினால் டிஸ்லெக்சியா, காலனிப் பிள்ளை தடுமாறினால் "இதுகளுக்கு எங்க ஏறும்".

பிள்ளையைப் பாதி நாள் வீட்டுக்கு அனுப்பும் யோசனை இந்த மண்ணுக்குப் புதிதல்ல. 1953-இல் ராஜாஜி அரசு கிராமத் தொடக்கப் பள்ளிகளில் ஒரு திட்டம் கொண்டுவந்தது. மூன்று மணி நேரம் பள்ளி, மீதி நேரம் பெற்றோரின் தொழிலைப் பழகு. திட்டத்தில் சாதி என்ற சொல்லைத் தேடினால் கிடைக்காது. ஆனால் செருப்புத் தைப்பவர் வீட்டில் பிள்ளை எந்தத் தொழிலைப் பழகும்? குலக்கல்வி என்று பெயர் வைத்து எதிர்த்தவர் இதே ஈரோட்டுக்காரர் பெரியார். 1954-இல் ராஜாஜி பதவி விலகினார், காமராசர் வந்து திட்டத்தைக் கைவிட்டார். வீட்டிலிருந்து கற்பது நல்லது என்று யாராவது சொன்னால் எங்களுக்கு முதலில் நினைவு வருவது அதுதான். வரத்தான் செய்யும்.

இன்னொன்று, இந்தக் 'கற்றல் பாணி'. சில பிள்ளை கண்ணால் கற்கும், சில காதால், சில கையால் என்கிறார்கள். பி.எட். வகுப்பிலும் இதைக் கேட்டிருப்பீர்கள். பாணியைப் பிரித்து அதற்கேற்பச் சொல்லிக்கொடுத்தால் கூடுதலாகக் கற்பார்கள் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று 2008-இலேயே உளவியலாளர்கள் நால்வர் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்துச் சொல்லிவிட்டார்கள். பிள்ளைகளிடம் வேறுபாடு இல்லை என்று நான் சொல்லவில்லை. பார்வைக் குறை, காது கேளாமை, ஆட்டிசம், டிஸ்லெக்சியா எல்லாம் உண்மையான தேவைகள். ஆனால் 'கையால் கற்கும் பிள்ளை' என்ற முத்திரை நம் ஊரில் யார் முதுகில் விழும்? குலத்தொழில் என்று சொன்னால் வழக்கு வரும், கற்றல் பாணி என்றால் கைதட்டுவார்கள்.

பள்ளியில் அவமானம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. 2022 இறுதியில் பெருந்துறை அருகே பாலக்கரை ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் பட்டியல் சாதிப் பிள்ளைகளைக் கழிப்பறை கழுவ வைத்தது வெளியே வந்து, தலைமை ஆசிரியை கைதானார். ஒரு பையனுக்கு டெங்கு வந்து அம்மா விசாரித்ததால்தான் அதுவும் தெரிந்தது. ஆனால் அந்தப் பெற்றோர் பிள்ளையை நிறுத்திக்கொண்டு மட்டும் போயிருந்தால்? பள்ளி அப்படியே இருந்திருக்கும், அடுத்த பிள்ளையின் கையில் பிரஷ் போயிருக்கும். அம்பேத்கரைக் கோணிப்பை விரித்துத் தனியே உட்கார வைத்தார்கள். அவர் கோணியைச் சுருட்டிக்கொண்டு வீட்டோடு இருந்துவிடவில்லை.

உண்மையிலேயே படுக்கையை விட்டு எழ முடியாத பிள்ளைகள் நம் காலனிகளில் இருக்கிறார்கள். அவர்களுக்கு வீடு தேடிக் கல்வி வந்தாக வேண்டும், சமரசமே இல்லை. ஆனால் வர வேண்டிய சிறப்புப் பயிற்றுநர்கள் வருடக்கணக்கில் தொகுப்பூதியத்தில் கிடக்கிறார்கள். அந்தச் சம்பளம் வரும் சமக்ர சிக்‌ஷா நிதியில் 2024-25-க்கான 2,152 கோடி ரூபாயை, பி.எம்.ஸ்ரீயில் கையெழுத்துப் போடவில்லை என்று ஒன்றிய அரசு நிறுத்தி வைத்தது. அதே ஒன்றிய அரசின் 2020 கல்விக் கொள்கை, வீட்டுவழிக் கல்வி ஒழுங்காக நடக்கிறதா என்று தணிக்கை செய்ய வேண்டும் என்கிறது. தணிக்கை செய்ய முதலில் ஏதாவது நடக்க வேண்டுமே! மாநில அரசும் ஒன்றியத்தைக் கைகாட்டிவிட்டுத் தப்பிக்க முடியாது, தொகுப்பூதியம் நேற்று வந்ததல்ல.

உங்கள் காலனியில் பதிவேட்டில் பெயரோடு வீட்டில் இருக்கும் பிள்ளைகள் எத்தனை பேர் என்று வீடு வீடாக எண்ணுங்கள். ஏன் நின்றது, யார் நிற்கச் சொன்னது என்று எழுதுங்கள். அதைப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வையுங்கள், நம் அம்மாக்களும் அதில் உறுப்பினர்கள்தான். "வூட்லயே வெச்சுக்கங்க" என்று யாராவது சொன்னால் எழுத்தில் கேளுங்கள்.

நாங்கள் அந்த அக்காவோடு போய் அதைத்தான் கேட்டோம். எழுதித் தர மறுத்தார்கள். "அப்ப நாளைக்கு அனுப்பறனுங்க" என்று சொல்லிவிட்டு வந்தார் அக்கா. அடுத்த நாளிலிருந்து போகிறான். மதிப்பீட்டு முகாம் தேதிக்கு மனு கொடுத்திருக்கிறோம், இன்னும் பதில் இல்லை.