நடக்கச் சொல்கிறார் டாக்டர்... எங்கே நடப்பது?

“தினமும் அரை மணி நேரம் நடங்கம்மா. மாத்திரை பாதி, நடை பாதி!”

டாக்டர் சொல்லிவிட்டார். சீட்டிலும் எழுதிக் கொடுத்துவிட்டார். கோட்டக்குப்பத்தில் பக்கத்துத் தெருவில் இருக்கும் அக்கா அந்தச் சீட்டை என்னிடம் காட்டிச் சிரித்தார்.

“எங்கங்க நடக்கறது? ஈ.சி.ஆர்.ல நடந்தா சக்கரை வியாதியில சாக மாட்டேன், லாரி அடிச்சுத்தான் சாவேன். தெருவுல நடந்தா, ‘என்னக்கா காலங்காத்தால, யாருக்கு உடம்பு சரியில்ல’ன்னு நாலு பேர் கேக்கறாங்க. மொட்டை மாடியில சுத்தினா தலை சுத்துது!”

நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகு சிரிப்பு வரவில்லை. வண்டி வைத்திருப்பவர்கள் எல்லை தாண்டிப் போய்ப் புதுச்சேரி பீச் ரோட்டில் நடக்கிறார்கள். அங்கே சாயங்காலம் 6 மணியிலிருந்து மறுநாள் காலை 7.30 வரை வாகனங்களுக்குத் தடை. குழந்தைகூடப் பயமில்லாமல் ஓடலாம். ஆனால் பாருங்கள், அரை மணி நேரம் நடப்பதற்காக இன்னொரு அரசாங்கத்தின் எல்லைக்குள் போக வேண்டியிருக்கிறது! வண்டி இல்லாதவர்கள், வீட்டை விட்டு அரை மணிக்கு மேல் நகர முடியாத பெண்கள் என்ன செய்வார்கள்?

முன்பெல்லாம் இந்தக் கேள்வியே வராது. கடற்கரை இருந்தது. காசு கேட்காத மைதானம்! பையன்கள் மணலில் பந்து விளையாடினார்கள். பெரியவர்கள் காலாற நடந்தார்கள். 1980-களின் கடைசியில் புதுச்சேரித் துறைமுகத்துக்குக் கடலுக்குள் கல் அணை போட்டார்கள். தெற்கிலிருந்து வடக்கே போகிற மணல் அங்கேயே தடைப்பட்டது. வடக்குப் பக்கத்துக் கரை அரித்துக்கொண்டே வந்தது. தந்திராயன்குப்பம், சின்ன முதலியார்சாவடி பக்கமெல்லாம் கடல் வீட்டு வாசலுக்கு வந்த கதை மீனவ மக்களைக் கேட்டால் தெரியும். மணல் இருந்த இடத்தில் பல இடங்களில் இப்போது கருங்கல்தான். கருங்கல்லில் கபடி ஆட முடியுமா?

ஆகவே இயற்கை கொடுத்த மைதானம் போனதற்குப் பதிலாக யாராவது ஒரு மைதானம் கட்டித் தந்தாக வேண்டும். யார்? சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. 1992-ல் கொண்டுவந்த அரசியல் சட்டத்தின் 74-வது திருத்தம், நகராட்சிகளிடம் ஒப்படைக்கக்கூடிய வேலைகளைப் பன்னிரண்டாவது அட்டவணையில் பட்டியல் போட்டிருக்கிறது. பூங்கா, தோட்டம், விளையாட்டு மைதானம் அதில் 12-வது இனம். எங்கள் ஊர் 2021-ல் பேரூராட்சியிலிருந்து நகராட்சியாக உயர்ந்தது. ஊர் உயர்ந்தால் ஊர்க்காரர்களின் கேள்வியும் உயர வேண்டுமல்லவா?

“உடம்பு பத்தி எழுதற பத்திரிகையில நகராட்சி கணக்கு எதுக்கு?” என்று சிலர் முகம் சுளிக்கலாம். உடம்புக் கணக்கைத்தான் முதலில் பாருங்களேன். 2023-ல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் சர்க்கரை நோய்க் கணக்குப்படி நாட்டில் பத்துக் கோடிக்கு மேல் சர்க்கரை நோயாளிகள். தமிழ்நாட்டில் பெரியவர்களில் நூற்றுக்கு 14 பேருக்கு மேல். 2024-ல் லான்செட் குழுமத்தின் மருத்துவப் பத்திரிகை ஒன்றில் இன்னொரு கணக்கு வந்தது. இந்தியாவில் பெரியவர்களில் பாதிப் பேருக்குப் போதிய உடலுழைப்பு இல்லை. ஆண்களில் நூற்றுக்கு 42 பேர், பெண்களில் 57 பேர். போதிய என்றால் மலையேறுவது இல்லை. வாரத்துக்கு 150 நிமிடம் கொஞ்சம் வேகமாக நடந்தாலே போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பிள்ளைகளுக்குத் தினம் ஒரு மணி நேரம் ஓடி ஆட வேண்டும்.

இந்த 42-க்கும் 57-க்கும் உள்ள வித்தியாசத்தைப் பெண்களின் சோம்பேறித்தனம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். விடியுமுன் எழுந்து வேலை செய்கிறவளுக்கு நடக்க நேரம் கிடைப்பது ஒன்று காலை ஐந்தரை, இல்லாவிட்டால் ராத்திரி ஏழு. அந்த நேரத்தில் விளக்கு எரிகிற, கழிப்பறை திறந்திருக்கிற, வம்பு பேச ஆள் நிற்காத இடம் எத்தனை ஊரில் இருக்கிறது?

சரி, அரசாங்கம் எதுவுமே செய்யவில்லையா? செய்கிறது. அங்கேதான் விஷயம். 2016-ல் 500 ஊராட்சிகளுக்குப் பூங்காவும் உடற்பயிற்சிக் கூடமும் அறிவித்தார்கள். பூங்காவுக்கு 20 லட்சம், கூடத்துக்கு 10 லட்சம். 2022-ல் ஆட்சி மாறியிருந்தது. சட்டமன்றத் தொகுதிக்கு ஒரு சிறு விளையாட்டரங்கம், தலைக்கு 3 கோடி என்று அறிவிப்பு வந்தது. எந்தக் கட்சி ஆண்டாலும் அறிவிப்பில் கொட்டை எழுத்தில் வருவது கட்டுகிற செலவு. நாலாவது வருஷம் பல்பு மாற்றவும், புல் வெட்டவும், காவலாளிக்குச் சம்பளம் கொடுக்கவும் எவ்வளவு, அதை யார் தருவது? அது கொட்டை எழுத்தில் வந்து நான் பார்த்ததில்லை.

ஒரு ஊருக்குச் சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தேன். ஊர்ப் பெயர் வேண்டாம். பின்னாலேயே ஒரு பூங்கா. கருவிகள் வரிசையாக நின்றன. ஒன்றில் மிதிக்கட்டை இல்லை. ஒன்றில் கைப்பிடி துருவேறி, தொட்டால் கையைக் கிழிக்கும். சறுக்கு மரத்தின் அடியில் தகரம் பிய்ந்து நீட்டிக்கொண்டிருந்தது. குழந்தை விழுந்தால் தையல்தான். நடைபாதையில் பேவர் கல் பெயர்ந்து, வயதானவர் இடுப்பை உடைக்கத் தயாராக இருந்தது. பளபளவென்று இருந்தது ஒன்றே ஒன்று. திறப்பு விழாக் கல்வெட்டு! ஆரோக்கியத்துக்காகக் கட்டிய இடம் ஆஸ்பத்திரிக்கு ஆள் அனுப்புகிற இடமாகிவிட்டது. விசாரித்தால், “அதுக்குத் தனியா பண்டு இல்லீங்க” என்றார்கள். பொய்யும் சொல்லவில்லை, பாவம்.

என் கட்சி இதுதான். மைதானம் கட்டச் சொல்லி மனுக் கொடுக்கிறோம், திறப்பு விழாவுக்குப் போய்க் கை தட்டுகிறோம், அதோடு வீட்டுக்கு வந்துவிடுகிறோம். கணக்குக் கேட்க வேண்டிய நாள் மறுநாள்தான் ஆரம்பிக்கிறது.

கேட்காமல் விட்டால் என்ன ஆகும்? 2024 அக்டோபரில் சென்னை மாநகராட்சி மன்றத்தில் ஒரு தீர்மானம் வந்தது. மாநகராட்சியின் ஒன்பது செயற்கைப்புல் கால்பந்து மைதானங்களைப் பராமரிக்கத் தனியாரிடம் விடுவது. விளையாட வருகிறவர் ஆளுக்கு மணிக்கு 120 ரூபாய் கட்டுவது. மக்கள் வரிப் பணத்தில் கட்டிய மைதானம்! ஒரு பையன் மாதம் 26 நாள், தினம் ஒரு மணி நேரம் விளையாடினால் 3,120 ரூபாய். வடசென்னைக் கூலித் தொழிலாளி வீட்டுப் பிள்ளை எங்கே போவான்? விளையாட்டுப் பிள்ளைகள், கட்சிக்காரர்கள், ஊர்க்காரர்கள் என்று எல்லோரும் எதிர்த்தார்கள். உடனடியாக, தீர்மானம் திரும்பப் பெறப்படும், மைதானம் இலவசம்தான் என்று மேயர் பிரியா அறிவித்தார்.

மக்கள் கேட்டார்கள், நடந்தது. சந்தோஷம். ஆனால் ஒரு சந்தேகம் எனக்கு இருக்கிறது. தனியாரிடம் விடத் துணிந்ததற்குச் சொல்லப்படுகிற காரணம் எப்போதும் பராமரிப்புச் செலவுதானே? செயற்கைப்புல் சும்மா கிடைப்பதில்லை. தேயும்; சில வருஷத்தில் மாற்றியாக வேண்டும். கட்டணம் ரத்தானதும் அந்தச் செலவு மாயமாகிவிடாது. பட்ஜெட்டில் அதற்கென்று தனி வரி எழுதச் சொல்லி விடாமல் கேட்டால்தான் வெற்றி நிலைக்கும். இல்லாவிட்டால் இரண்டு வருஷம் கழித்து, “பாருங்க, கிழிஞ்சு கிடக்கு, தனியாருக்குக் கொடுத்திருந்தா நல்லா இருந்திருக்கும்” என்று அதே பேச்சு வேறு சட்டை போட்டுக்கொண்டு வரும்.

எப்படிக் கேட்பது? தகவல் உரிமைச் சட்டம் 2005-ல் வந்தது. வெள்ளைத்தாளில் எழுதி, பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி, நகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்குப் பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டியதுதான். வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு அந்தப் பத்து ரூபாயும் இல்லை. 30 நாளில் பதில் தர வேண்டும். தராவிட்டால் மேல்முறையீடு, அதற்கும் மேலே மாநிலத் தகவல் ஆணையம்.

இதில் ஒரு சூட்சுமம். “ஏன் விளக்கு எரியவில்லை?” என்று கேட்காதீர்கள். ‘ஏன்’ என்பது தகவல் இல்லை என்று திருப்பி அனுப்பிவிடலாம். எஸ்டிமேட்டின் நகல், காண்ட்ராக்டருக்குக் கொடுத்த வேலை உத்தரவின் நகல், ஆபீசில் ‘எம்-புக்’ என்று சொல்கிற அளவுப் புத்தகத்தின் நகல், பில் தொகை பட்டுவாடா ஆன விவரம்... இப்படிக் காகிதத்தைக் கேளுங்கள். நடைபாதை எத்தனை மீட்டர் என்று அளவுப் புத்தகத்தில் எழுதியிருக்கிறதோ, அதை டேப் பிடித்து நாமே அளந்து பார்க்கலாமே! அந்தச் சட்டத்தின் 2(ஜெ) பிரிவு, வேலை நடந்த இடத்தை நேரில் பார்வையிடவும், பொருளின் மாதிரி எடுக்கவும்கூட உரிமை தருகிறது. இது பலருக்குத் தெரியாது.

வேலை உத்தரவில் இன்னொன்றையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பாருங்கள். பெரும்பாலான ஒப்பந்தங்களில், இத்தனை காலத்துக்குள் பழுது வந்தால் காண்ட்ராக்டரே தன் செலவில் சரி செய்ய வேண்டும் என்று இருக்கும். அவர் கட்டிய டெபாசிட் பணமும் அதுவரை பிடித்து வைக்கப்படும். கருவி உடைந்தது அந்தக் காலத்துக்குள் என்றால் ‘பண்டு இல்லை’ என்ற பேச்சே எழக் கூடாது. நாம் மூன்று வருஷம் கழித்துப் போய்ச் சத்தம் போடுகிறோம். கெடு முடிந்து டெபாசிட்டும் திரும்பிப் போயிருக்கும்.

எங்கள் பக்கத்துக்கு முக்கியமான சங்கதி ஒன்று உண்டு. ஈ.சி.ஆர். ஓரமெல்லாம் மனைப்பிரிவு. 10,000 சதுர மீட்டருக்கு, அதாவது சுமார் இரண்டரை ஏக்கருக்கு மேல் மனை போட்டால், சாலை போக மீதியில் 10 சதவீதத்தைப் பூங்காவுக்கும் விளையாட்டுக்கும் விட்டு, உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்தாக வேண்டும் என்பது விதி. மனை வாங்கியவர்கள் வீட்டில் இருக்கும் லே-அவுட் வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். பச்சையாக ஒரு கட்டம் இருக்கும். அந்தக் கட்டம் இப்போது எங்கே? பத்திரம் ஆயிற்றா? வேலி உண்டா? அல்லது யாராவது மாடு கட்டுகிறார்களா? புதிதாக நிலம் தேட வேண்டாம். நமக்கு எழுதிக் கொடுத்த நிலத்தைக் கேட்டாலே பாதி மைதானம் கிடைத்துவிடும்.

“காசு சின்னது, இதில் என்ன பெரிய ஊழல்?” என்பவர்களுக்கு ஒரு பெரிய உதாரணம். 2010-ல் தில்லியில் காமன்வெல்த் விளையாட்டு நடந்தபோது, வீட்டு உரிமைக்காக வேலை செய்கிற ஒரு தொண்டு நிறுவனம் இதே தகவல் உரிமைச் சட்டத்தில் காகிதம் வாங்கிப் பார்த்தது. பட்டியல் சாதி மக்களின் நலனுக்கு ஒதுக்கிய நிதியிலிருந்து 744 கோடி ரூபாய் விளையாட்டுச் செலவுக்குத் திருப்பி விடப்பட்டிருந்தது வெளியே வந்தது. நாடாளுமன்றம் வரை போயிற்று.

பயம் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். சின்ன ஊரில் காண்ட்ராக்டர் யாருக்காவது மச்சானாக இருப்பார். கவுன்சிலர் எதிர் வீட்டில் இருப்பார். தகவல் கேட்டவர்கள் அடிபட்டதும் இந்த நாட்டில் நடந்திருக்கிறது. தனியாகப் போகாதீர்கள் என்பேன். நகரங்களில் பகுதி சபை என்று ஒன்று வந்திருக்கிறது. 2022 நவம்பர் 1-ம் தேதி, உள்ளாட்சி தினத்தன்று தமிழ்நாடு முழுக்க முதல் தடவையாகக் கூட்டினார்கள். முதலமைச்சரே பம்மலில் வந்து உட்கார்ந்தார். கிராமத்துக்குக் கிராம சபை மாதிரி நகரத்துக்கு இது. அடுத்த கூட்டம் எப்போது என்று உங்கள் வார்டு கவுன்சிலரைக் கேளுங்கள். பத்துப் பெண்கள் சேர்ந்து போய் உட்கார்ந்து, “மைதானத்துக்கு இந்த வருஷப் பராமரிப்பு எவ்வளவு, வாசிச்சுக் காட்டுங்க” என்று கேட்டால் யார் முறைக்க முடியும்? திருடன், கொள்ளைக்காரன் என்று ஆரம்பிக்காதீர்கள். பொறியாளருக்கும் நம்மைப் போலவே பண்டு வேண்டியிருக்கும்; நாம் கேட்டால் அவருக்கும் மேலே கேட்க ஒரு வழி பிறக்கும்.

இதையெல்லாம் அந்த அக்காவிடம் சொன்னேன். சீட்டை மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டு கேட்டார்: “அப்ப பேப்பர்ல என்ன எழுதணும்? சொல்லுங்க, எம் பொண்ணு எழுதிடுவா.”

சொல்லச் சொல்ல அந்தப் பெண் எழுதினாள். நகராட்சிக்குச் சொந்தமான பூங்கா, விளையாட்டு இடங்களின் பட்டியல். தானப் பத்திரத்தில் வந்த இடங்களின் பட்டியல், பரப்பளவோடு. கடந்த மூன்று வருஷத்தில் ஒவ்வொன்றின் பராமரிப்புக்கும் செலவான தொகை. வேலை உத்தரவுகளின் நகல். திறக்கும், மூடும் நேரம்.

“இன்னொண்ணு சேத்துக்கம்மா,” என்றார் அக்கா. “பொம்பளைங்களுக்கு கக்கூஸ் எங்கெங்க இருக்குன்னும் லிஸ்ட் கேளு. சாவி யார்கிட்ட இருக்குன்னும் எழுது.”