வென்றவள் யார்?



எப்போதும்வென்றான் என்று பெயர்கொண்ட ஊரில் வாழும் நாம் வெற்றியைப் போர்க்களத்தில் மட்டுமே தேடுகிறோம். 1971 டிசம்பரில் கங்காசாகர் போரில் வீழ்ந்து பரம்வீர் சக்ரா பெற்ற ஆல்பர்ட் எக்காவைத் தேசம் அறியும். அவருடைய மனைவி பல்மதினா எக்காவை எத்தனை பேர் அறிவோம்? ஜார்க்கண்டின் கும்லா மாவட்டத்தில், பாலகனான மகனோடு விதவையான அந்தக் கிறிஸ்தவத் தாய், அவனை வளர்த்து ஆளாக்கி, முதிர்வயதுமட்டும் வாழ்ந்தார். கணவரின் உடலோ திரிபுராவிலேயே அடக்கம்பண்ணப்பட்டது. அந்தக் கல்லறை மண் அவர் கைக்கு வந்தது 2016-இல், 44 ஆண்டுகள் கழித்து!

ஒருநாள் வீரத்துக்குப் பதக்கம் உண்டு. ஆயுள்காலப் பொறுமைக்கு இல்லை. யாக்கோபு 1:27 விதவைகளை விசாரிப்பதையே மாசற்ற பக்தியாகக் காட்டுகிறது. மரித்தபின் மலர்வளையம் வைப்பது விசாரிப்பு ஆகாது. நம் சபையில் இராணுவ வீரரின் மனைவியோ தாயோ இருப்பின், இவ்வாரமே அவர்கள் வீட்டுப் படியேறுங்கள். ஆமென்.