பிழையும் போற்றப்படும் பூத்தையல்

எழுத்துப் பிழையைக் கண்டவுடன் சிவப்பு மையால் சுழிப்பது தமிழாசிரியர்தம் இயல்பு. ஆயினும், பிழையோடு இருப்பதனாலேயே போற்றப்படும் எழுத்தும் உலகில் உண்டு. போர்ச்சுக்கல் நாட்டின் வடமேற்கே, மின்யோ வட்டாரத்துப் பெண்கள் பூத்தையலிட்ட 'காதலர் கைக்குட்டை'களில் அதனைக் காணலாம்.

மணப்பருவம் எய்திய பெண், சதுரமான வெண்துணியில் இதயம், புறா, சாவி, மலர் முதலிய வடிவங்களையும், அவற்றினிடையே சில பாட்டு வரிகளையும் தைத்துத் தான் விரும்பிய இளைஞனுக்கு அளிப்பாள். அதனை அவன் ஊரறிய அணிந்துகொண்டால், அவளது அன்பை ஏற்றான் என்பது பொருள். 1900-ஆம் ஆண்டளவில் அந்நாட்டு மக்களில் நால்வருள் ஏறத்தாழ மூவர் எழுத்தறிவற்றவர். எனவே அப்பெண்களுட் பலர் தம் செவி கேட்டவாறே எழுத்துகளைத் தைத்தனர். அவ்வட்டாரப் பேச்சில் வகரம் பகரமாக ஒலிக்கும்; கைக்குட்டையிலும் அவ்வாறே பதிந்தது. இன்று அதனை நோக்குவோர்க்கு அது பிழையாகத் தோன்றுவதில்லை. ஓர் ஊரின் பேச்சொலியாகவே கேட்கிறது.

காலப்போக்கில் மங்கிய இக்கலை, இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் விலா வெர்டே என்னும் ஊரை மையமாகக் கொண்டு புத்துயிர் பெற்றது. இன்று அவ்வடிவங்கள் கைப்பை, பணப்பை, காலணி, கழுத்துத் துண்டு எனப் பல பொருள்களை அணிசெய்கின்றன. இது மகிழ்தற்குரியதே. ஆனால், அவற்றுள் பல அச்சிட்டவை, ஊசி தொடாதவை. அச்சு மலிவானது, பலரையும் எட்டுவது என்பர் சிலர். அது மெய்யே. எனினும், அச்சினால் பரவுவது வடிவம் மட்டுமே. தைக்கும் திறன் அடுத்த தலைமுறைக்குச் செல்வதில்லை. வடிவம் பெருகித் தொழில் அழியுமாயின், அதனை மறுமலர்ச்சி என்று எவ்வாறு கூறுவது?

இதற்குச் சிறு பொருள்களே வழியாகும் என்பது என் கருத்து. ஒரு பெரிய மேசைவிரிப்பைக் கையால் தைத்து முடிக்கப் பல வாரங்கள் செல்லும். அதன் விலையை எளியோர் தாங்கார். சிறு பணப்பையில் ஒரே ஒரு புறாவை மெய்யான தையலில் இடுவதற்குச் சில மணி நேரம் போதும். வாங்குவோர்க்கு விலை கட்டுப்படும். தைப்பவர்க்கு உழைத்த நேரத்திற்கேற்ற கூலியும் கிட்டும். தைத்ததையும் அச்சிட்டதையும் பிரித்துக் காட்டும் முத்திரை ஒவ்வொரு பொருளிலும் இருத்தல் வேண்டும்.

உழைப்பவரின் வியர்வை உலருமுன் கூலி தரப் பணிக்கும் மார்க்கத்தைப் பின்பற்றும் நமக்கு இது புதிய கருத்தன்று. கைவினைப் பொருள் எந்நாட்டதாயினும், அதன் அழகை வியக்கும் மாணவர்கள், தைத்த கைக்கு உரிய கூலி சேர்ந்ததா என்றும் ஒருமுறை கேட்க வேண்டும். அக்கேள்வி எழும் இடத்தில்தான் பழங்கலை நிலைத்து வாழும்.