பழைய ரிக்கார்டு பிளேயர் பாடுகிறது! புதுப் பெட்டி?

பாட்டுக் கேட்க இன்று கையில் செல்போன் இருந்தால் போதும். அப்படியிருக்க, ஒரு ரிக்கார்டு பிளேயருக்குப் பல லட்ச ரூபாய் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள் என்றால் நம்புவீர்களா?

இருக்கிறார்கள். அவர்களுக்காகவே கருவி செய்யும் சிறு கம்பெனிகளும் இருக்கின்றன.

ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகருக்கு அருகே "லின்" என்று ஒரு கம்பெனி. 1973-ல் ஐவர் டீஃபன்பிரன் என்பவர் ஆரம்பித்தார். அவருடைய தகப்பனார் இயந்திரப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலை வைத்திருந்தார். அங்கே செய்த பாகங்களைக் கொண்டு மகன் ஒரு ரிக்கார்டு பிளேயரை உருவாக்கினார். பெயர், "சோன்டெக் எல்.பி.12".

அது இன்றும் தயாராகிறது! அதைவிட அதிசயம் ஒன்று உண்டு. அந்தக் காலத்தில் வாங்கிய கருவியிலும் இன்றைய புதுப் பாகங்களைப் பொருத்தித் தருகிறார்கள். தாத்தா வாங்கியதில் பேரன் பாட்டுக் கேட்கலாம்.

1982-ல் சி.டி. வந்தது. இசைத்தட்டின் கதை முடிந்தது என்றார்கள். லின் கம்பெனியும் பிறகு சி.டி. கருவிகள் செய்தது. ஆனால் 2007-ல், கம்ப்யூட்டரில் சேர்த்து வைத்த பாட்டைக் கம்பி வழியே எடுத்துப் பாடும் பெட்டியைக் கொண்டு வந்தது. 2009-ல், இனிமேல் சி.டி. கருவியே செய்வதில்லை என்று அறிவித்துவிட்டது. துணிச்சல்தான்!

புதுத் தலைவலி

ரிக்கார்டு பிளேயர் என்பது உலோகமும் மரமும் மோட்டாரும். பழுதானால் கழற்றிச் சரிசெய்யலாம். புதுப் பெட்டி அப்படியல்ல. இப்போது பாட்டு வருவது இன்டர்நெட்டில், யாரோ ஒரு பெரிய கம்பெனியிடமிருந்து. அந்தப் பெரிய கம்பெனி தன் முறையை மாற்றினால், சிறு கம்பெனியும் தன் சாப்ட்வேரை மாற்றியாக வேண்டும். இல்லாவிட்டால் லட்ச ரூபாய்ப் பெட்டி வாயடைத்துப் போகும். விற்ற பிறகும் வேலை ஓய்வதில்லை!

ஜப்பானில் பிடித்த தீ

2020 அக்டோபரில் ஜப்பானின் நொபியோகா நகரில், ஆசாஹி கசெய் கம்பெனியின் 'சிப்' தொழிற்சாலையில் தீப்பிடித்தது. எண்களை ஒலியாக மாற்றும் சின்னஞ்சிறு 'சிப்'கள் அங்கே தயாராகி வந்தன. தீ அங்கே, தவிப்பு உலகம் முழுவதும்! வேறு 'சிப்' தேடி, கருவியின் அமைப்பையே மாற்ற வேண்டியதாயிற்று. லட்சக்கணக்கில் வாங்கும் பெரிய கம்பெனிக்கு முதல் மரியாதை. நூற்றுக்கணக்கில் வாங்குபவரை யார் கவனிப்பார்கள்?

லின் கம்பெனி 2021-ல், அந்த வேலைக்குத் தன் சொந்த அமைப்பையே கொண்டு வந்தது. எல்லாச் சிறு கம்பெனிக்கும் அந்த வசதி உண்டா?

எல்.பி.12-ன் பொன்விழாவுக்காக 2023-ல் 250 கருவிகள் மட்டும் தனியாகச் செய்தார்கள். ஒன்றின் விலை 50,000 பவுன்! அது பணக்காரர் விளையாட்டு. அதற்காக நான் வாதாட வரவில்லை.

செய்தவரே 50 ஆண்டு கழித்தும் தம் பொருளுக்குப் பொறுப்பேற்கிறாரே, அந்த வழக்கம் அழியக் கூடாது. புதுப் பெட்டிக்கும் அதே பொறுப்பு வேண்டும். எத்தனை ஆண்டு சாப்ட்வேர் தருவார்கள், எத்தனை ஆண்டு பாகம் கிடைக்கும் என்று விற்கும்போதே எழுதித் தரட்டும். சிறு கம்பெனிக்கு அது பாரம்தான். ஆனால் பெரிய கம்பெனியோடு விலையில் போட்டியிட முடியாதவருக்கு வேறு என்ன பலம் இருக்கிறது?

அடுத்த முறை டி.வி. வாங்கப் போகும்போது, கடைக்காரரிடம் நீங்களும் இதைக் கேட்டுப் பாருங்கள்.