வீட்டுக்குள் ஒரு வானம்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி. இயற்பியல்

கணினியில் விமானம் ஓட்டுகிறவர்களைப் பற்றி நம் கல்லூரியில் இரண்டு கருத்துகள் உலவுகின்றன. அது வேலையற்றவர் வேலை என்பது ஒன்று. விமானி ஆவதற்கு அது முதற்படி என்பது மற்றொன்று. முதற் கருத்தை மரத்தடியிலும், இரண்டாவதை உறவினர் வீட்டு விசேஷங்களிலும் கேட்டிருக்கிறேன். இரண்டுமே சரியல்ல என்பது என் துணிபு.

இரண்டாவதை முதலில் முடித்துவிடலாம். நம் நாட்டில் வணிக விமானி உரிமம் பெற 200 மணி நேரம் உண்மையான விமானத்தில் பறந்திருக்க வேண்டும். வீட்டுச் சிமுலேட்டரில் ஆயிரம் மணி நேரம் உட்கார்ந்தாலும் அதில் ஒரு மணி நேரமும் அந்தக் கணக்கில் சேராது. அந்தப் பயிற்சிக்கு ஆகும் செலவோ பல இலட்சம். அந்தத் தொகைக்கு எங்கள் தெருவில் பாதியை விலை பேசலாம்! ஆகவே, "பைலட் ஆகப் போகிறாயா?" என்று கேட்கும் அன்பர்களுக்கு என் விடை, இல்லை என்பதே. நான் விமானத்தில் ஏறியதுகூட இல்லை.

பிறகு எதற்கு இது? வினாவோடு உட்காருகிறவருக்கு இது ஓர் ஆய்வுக்கூடம். வினா இல்லாமல் உட்காருகிறவருக்கு மூன்றே நாளில் அலுத்துப் போகும் பொம்மை. தோழியர் பலர் முதல் நாள் தானியங்கி ஓட்டத்தைப் போட்டுவிட்டு மேகம் பார்த்தார்கள். இரண்டாம் நாள் பாலத்துக்கு அடியில் புகுந்தார்கள். மூன்றாம் நாள் கட்டடத்தில் மோதினார்கள். நான்காம் நாள் மூடி வைத்தார்கள். சிமுலேட்டர் தரும் சலுகைகளை, அதாவது நிறுத்து பொத்தானையும், நகரும் வரைபடத்தையும், தானியங்கி ஓட்டத்தையும் தள்ளி வைத்த பிறகுதான் அதன் இன்பமே தொடங்குகிறது என்பேன். என் வழக்கம் ஒன்றுண்டு. ஓட்டத் தொடங்குமுன், என்ன விடை வரும் என்று தாளில் ஓர் எண்ணை எழுதிவிடுவேன். பிறகுதான் கையை வைப்பேன்.

இந்தக் கருவி பிறந்த கதையும் விளையாட்டுக்கும் படிப்புக்கும் நடுவில்தான் நிற்கிறது. அமெரிக்காவில் எட்வின் லிங்க் என்பவர் 1929இல் முதற் பயிற்சிப் பொறியைச் செய்தார். அவருடைய தந்தை பியானோவும் ஆர்கனும் செய்து விற்றவர். ஆர்கனுக்குக் காற்றூட்டும் துருத்திகளைக் கொண்டுதான் மகன் தம் மரப்பெட்டி விமானத்தைச் சாயவும் நிமிரவும் வைத்தார். தொடக்கத்தில் அது கேளிக்கைப் பூங்காக்களுக்கே போயிற்று. அஞ்சல் சுமந்த இராணுவ விமானிகள் பலர் மோசமான வானிலையில் மாண்ட பிறகு, 1934இல் அமெரிக்க இராணுவம் அதனை வாங்கியது. வீட்டுக் கணினிக்கான மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டர் 1982இல் வெளிவந்தது. நான் பயன்படுத்துவது ஃபிளைட்கியர். தன்னார்வலர்கள் வளர்த்து வரும் அது காசில்லாமல் கிடைக்கிறது. ஐ.டி.ஐ. முடித்து வேலைக்குப் போகும் அண்ணன் வாங்கிப் போட்ட பழைய கணினியில் படம் தயங்கித் தயங்கித்தான் நகரும். ஆனால் படம் தயங்கினாலும் உள்ளே ஓடும் நியூட்டன் விதிகள் தயங்குவதில்லை.

நான் முதலில் சொல்ல விரும்பும் பயிற்சி எஞ்சினை அணைப்பது. செஸ்னா 172 என்னும் நான்கு இருக்கைச் சிறு விமானத்தை 5,000 அடிக்கு ஏற்றிப் பொறியை நிறுத்திவிடுங்கள். அது கல்லைப் போல் விழும் என்றுதான் நம்மில் பலரும் நினைக்கிறோம். விழாது, வழுக்கிக்கொண்டு இறங்கும். ஓர் அடி இறங்குவதற்குள் ஏறத்தாழ ஒன்பது அடி முன்னே போகும். ஆக, காற்றில்லாத நாளில் 5,000 அடியிலிருந்து 13, 14 கிலோமீட்டர் தூரம் கைவசம் இருக்கிறது. நேரமோ ஏழு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. அதற்குள் வயலோ ஓடுபாதையோ ஒன்றைத் தேர்ந்தெடுத்து இறங்க வேண்டும். இரண்டாம் வாய்ப்பு கிடையாது.

இதில் ஒரு கிளை வினா உண்டு. பின்னிருக்கையில் இரண்டு கனத்த ஆட்களை ஏற்றினால் வழுக்கும் தூரம் குறையுமா? வகுப்பில் கேட்டுப் பாருங்கள், பத்தில் எட்டுப் பேர் குறையும் என்பார்கள். நான் தாளில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது அப்பா பின்னால் வந்து நின்றார். அவர் சரக்கு லாரி ஓட்டுநர்.

"ஏம்மா, இது இறக்கத்துல நியூட்ரல்ல உருட்டுற மாதிரிதானே?" என்றார்.

"ஆமாப்பா. லோடு ஏத்தினா எவ்வளவு தூரம் போகும்னு பாக்குறேன்."

"லோடு இருந்தா வேகமாப் போகும். தூரம் இறக்கத்தைப் பொறுத்ததும்மா, லோடைப் பொறுத்ததில்ல."

விடை அதுவேதான். வழுக்கும் கோணத்தை முடிவு செய்வது தூக்குவிசைக்கும் தடைவிசைக்கும் உள்ள விகிதம். எடை கூடினால் அதே கோணத்தில் வேகமாக இறங்கும். எடை 20 விழுக்காடு கூடினால் அதற்கேற்ற வேகம் ஏறத்தாழ 10 விழுக்காடு கூடும். சிமுலேட்டரும் அப்பாவின் பக்கம்தான் நின்றது. எங்கள் வீட்டில் கல்லூரி வாயிலைக் கடந்த முதல் ஆள் நான். என் பாடப் புத்தகத்தில் இருக்கும் ஒன்றைப் பற்றி நானும் அப்பாவும் பேசிக்கொண்டது அன்றைக்குத்தான்.

செங்குத்தாகச் சாய்ந்து திரும்புவதும் இதைப் போன்றதே. 60 பாகை சாய்த்தால் இறக்கை தாங்க வேண்டிய சுமை இரு மடங்கு. விமானம் தூக்குவிசை இழக்கும் வேகமும் 1.41 மடங்காகிவிடும். கோசைன் அட்டவணை கையில் இருந்தால் போதும், ஒரு மாலைப் பொழுது போய்விடும்.

இனி, வரலாற்றில் நடந்ததை நாமும் நடத்திப் பார்ப்பது. விபத்தை விளையாட்டாக்குவது முறையா என்று மூத்த மாணவி ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. உயிர்கள் மடிந்த விபத்துகளை நான் தொடுவதில்லை. எல்லோரும் பிழைத்த நிகழ்ச்சிகளை எடுத்து, எப்படிப் பிழைத்தார்கள் என்று பார்ப்பதில் குற்றமில்லை என்று நினைக்கிறேன்.

1983 ஜூலை 23 அன்று கனடாவில் ஏர் கனடா நிறுவனத்தின் போயிங் 767 ஒன்று 69 பேருடன் 41,000 அடி உயரத்தில் போய்க்கொண்டிருந்தபோது எரிபொருள் தீர்ந்து இரண்டு எஞ்சின்களும் நின்றன. காரணம் நம் முதலாண்டுப் பாடமான அலகுகள்! வேண்டியிருந்தது 22,300 கிலோ. எரிபொருள் காட்டும் மானி வேலை செய்யாததால் குச்சி விட்டு லிட்டரில் அளந்து, எடையாக மாற்றினார்கள். லிட்டருக்கு 0.8 கிலோ என்று பெருக்க வேண்டிய இடத்தில் 1.77 என்று பெருக்கிவிட்டார்கள். 1.77 என்பது லிட்டருக்கு இத்தனை பவுண்டு என்னும் எண். எனவே தொட்டியில் 22,300 பவுண்டு, அதாவது வேண்டியதில் பாதிக்கும் குறைவாகத்தான் இருந்தது. செய்முறைத் தேர்வில் அலகு எழுதாமல் விட்டால் அரை மதிப்பெண் குறைப்பதைப் பற்றி இனி எந்த ஆசிரியரிடமும் நான் வாதாடப் போவதில்லை.

விமானி இராபர்ட் பியர்சன் ஓய்வு நேரங்களில் எஞ்சினற்ற கிளைடர் ஓட்டியவர். கிம்லி என்னும் ஊரில் கைவிடப்பட்ட விமானப்படைத் தளம் இருந்தது. உதவி விமானி முன்பு அங்கே பணிபுரிந்தவர். நெருங்கியபோது விமானம் அதிக உயரத்தில் இருந்தது. மூக்கை ஒரு பக்கமும் சாய்வை எதிர்ப்பக்கமும் வைத்து, உடலையே தடையாக்கி, பக்கவாட்டில் வழுக்க வைத்து இறக்கினார் பியர்சன். அந்த ஓடுபாதையிலோ அன்று கார்ப் பந்தயம் நடந்துகொண்டிருந்தது. முன்சக்கரம் மடங்கியது, ஓர் உயிரும் போகவில்லை.

பெரிய ஜெட் விமானம் ஒன்றை எடுத்து, எரிபொருளைச் சுழியாக்கி இதைச் செய்து பாருங்கள். உயரம் குறைவாயிருந்தால் ஓடுபாதை கிட்டாது, அதிகமாயிருந்தால் தாண்டிவிடும். பக்கவாட்டு வழுக்கலைக் கண்மட்டத்தில் விடுவது எவ்வளவு கடினம் என்பது அப்போதுதான் விளங்கும். இதனை நான் பதினாறு மாலைகள் செய்தேன். சக்கரம் ஓடுபாதையில் பட்டது நான்கு முறை.

நிறுத்து பொத்தானை ஏன் தொடக்கூடாது என்பதற்கும் ஒரு சான்று உண்டு. 2009 ஜனவரி 15 அன்று நியூயார்க்கில் ஏர்பஸ் ஏ320 விமானத்தின் இரண்டு எஞ்சின்களிலும் வாத்துக் கூட்டம் மோதியது. விமானி சல்லன்பெர்கர் ஹட்சன் ஆற்றில் இறக்கினார். 155 பேரும் பிழைத்தனர். புறப்பட்ட இடத்துக்கே திரும்பியிருக்கலாமே என்று விசாரணையில் சிமுலேட்டரில் சோதித்தார்கள். மோதிய கணமே திரும்பிய ஓட்டங்களில் சில ஓடுபாதையை எட்டின. நிலைமையைப் புரிந்துகொள்ள மனிதனுக்கு வேண்டிய அவகாசமாக 35 நொடியைச் சேர்த்தபோது எட்ட முடியவில்லை. நிறுத்திவிட்டு யோசிக்கிறவர் அந்த 35 நொடியைத் திருடிக்கொள்கிறார்.

நேபாளத்தின் லுக்லா பற்றிப் பலரும் சொல்வார்கள். 2,845 மீட்டர் உயரம், 527 மீட்டர் ஓடுபாதை, ஏறத்தாழ 12 விழுக்காட்டு ஏற்றம், முடிவில் மலைச்சுவர். அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைப் போல் முக்கால் பங்குதான். வேகமானி வழக்கமான எண்ணைக் காட்டினாலும் விமானம் 15 விழுக்காடு வேகமாகப் பாய்கிறது. 1998இல் மூடப்பட்ட ஹாங்காங் காய் டாக் நிலையத்தில், குன்றில் தீட்டிய சதுரங்கக் கட்டத்தைக் கண்டதும் அடுக்குமாடிகளுக்கு மேலே வலப்புறம் திரும்பி இறங்குவதும் புகழ்பெற்ற சவால். இரண்டும் நன்றே. ஆனால் இவற்றில் கைத்திறன் மிகுதி, கணக்கு குறைவு. எனக்கு அவ்வளவு ஈடுபாடில்லை.

என் மனம் கவர்ந்தது வழிகாட்டிக் கருவி எதுவுமின்றி வழி காண்பதே. 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாகப் பம்பாய்க்கு அஞ்சல் மூட்டையைப் புஸ் மாத் என்னும் சிறு விமானத்தில் கொண்டுவந்தார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் பல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்தார். வானொலித் தொடர்பு கிடையாது. திசைகாட்டி, கடிகாரம், வரைபடம், கண்.

பம்பாயிலிருந்து பல்லாரி ஏறத்தாழ 620 கிலோமீட்டர். திசை 135 பாகை, சரியாகத் தென்கிழக்கு. 100 நாட் வேகத்தில் மூன்று மணி இருபது நிமிடம். பக்கவாட்டில் 20 நாட் காற்று வீசினால் என்ன ஆகும்? மூக்கைப் பல்லாரிக்கே நேராக வைத்துக்கொண்டு போகிறவர் முடிவில் 120 கிலோமீட்டருக்கு மேல் விலகி, வேறோர் ஊரின் மீது நிற்பார். காற்றை எதிர்த்து 11.5 பாகை திருப்பி வைத்தால் போய்ச் சேரலாம். பிளஸ் ஒன்றில் நாம் வரைந்த வெக்டர் முக்கோணம்தான் இது. அதன் மூன்றாவது பக்கம் தக்காணத்தின் மீது ஓடுவதைக் காண்பது தனி இன்பம். இன்னும் கடினமாக்க வேண்டுமானால் தோழி ஒருவரை விட்டுக் காற்றை அமைக்கச் சொல்லுங்கள். திசையையும் வேகத்தையும் அவர் சொல்லக்கூடாது. ஆறுகளும் இரயில் பாதைகளும் எவ்வளவு விலகி வருகின்றன என்று பார்த்து, காற்றை நாமே கண்டுபிடிக்க வேண்டும்.

குறையையும் சொல்லிவிட வேண்டும். நாற்காலி முதுகை அழுத்துவதில்லை. காதுக்குள் சாய்வு தெரிவதில்லை. உயிர்ப்பயம் அறவே இல்லை. உண்மை விமானியின் வேலையில் இம்மூன்றும் பெரும்பங்கு என்பதால், நம் நான்கு வெற்றிகளை வைத்துக்கொண்டு மார்தட்டுவது தகாது.

தமிழ்வழியில் படித்து வந்த என் போன்றவர்களுக்கு ஒன்று. வாட்சிம் என்றொரு இணையப் பின்னல் 2001 முதல் இயங்குகிறது. அதில் தன்னார்வலர்கள் வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளராக அமர்ந்து நம்மோடு வானொலியில் பேசுவார்கள், பெரும்பாலும் ஆங்கிலத்தில். முதல் மாதம் நான் கேட்டுக்கொண்டு மட்டுமே இருந்தேன். பிறகு உலக விமானப் போக்குவரத்து அமைப்பின் உச்சரிப்பு விதியைப் படித்தேன். இரைச்சலில் குழப்பம் வராதிருக்க, 3 என்பதை 'ட்ரீ' என்றும், 5 என்பதை 'ஃபைஃப்' என்றும், 9 என்பதை 'நைனர்' என்றும் சொல்ல வேண்டுமாம். நாக்கைப் பல்லுக்கிடையில் வைத்து 'த்ரீ' சொல்ல வராமல் வகுப்பில் தலைகுனிந்தவர்களே, வானத்தில் விதிப்படி பேசுகிறவர்கள் நாம்தான்! அங்கே வேண்டுவது அலங்கார ஆங்கிலம் அன்று. கேட்டதைப் பிசகாமல் திருப்பிச் சொல்லும் ஒழுங்கு மட்டுமே. இன்றைக்கு என் குரல் நடுங்குவதில்லை.

நம் துறைப் பேராசிரியர்களுக்கு ஒரு விண்ணப்பம். கணினிக்கூடம் மாலையில் பூட்டித்தான் கிடக்கிறது. வாரத்தில் ஒரு நாள், ஒரு கணினியை மட்டும் இதற்குத் தர வேண்டும். வழுக்கு தூரம், எடையும் வேகமும், காற்று முக்கோணம் ஆகிய மூன்றையும் செய்முறை ஏட்டில் எழுதும் வடிவிலேயே, எதிர்பார்த்த அளவு, கிடைத்த அளவு, பிழை விழுக்காடு என அட்டவணையிட்டு வைத்திருக்கிறேன். பம்பாயிலிருந்து பல்லாரி வரை முடிந்துவிட்டது. பல்லாரியிலிருந்து சென்னைக்கு 430 கிலோமீட்டர் மீதமிருக்கிறது. காற்றை எனக்குத் தெரியாமல் அமைத்துத் தர ஓர் ஆள் தேவை. வருகிறவர் அளவுகோலும் பாகைமானியும் கொண்டு வருக.